திரும்பி வரும் நெல்லும் திரும்பாத பால்மரமும்

கெடாவின் சிக் மாவட்டத்தில் பங்குல் டெர்டாப் என்றொரு சிற்றூர் உண்டு. ஷானோன் அகமட் 1933இல் பிறந்த ஊர் அது. 1966இல் வெளிவந்த அவருடைய ‘ராஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ நாவலின் களமும் அதுவே. தலைப்பை ‘வழி நெடுக முள்’ என்று தமிழில் சொல்லலாம். கதை மிகச் சிறியது. லாஹூமா, ஜேஹா என்னும் கணவன் மனைவி. அவர்களுக்கு ஏழு பெண் பிள்ளைகள். 14 ரெலோங், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வயல். வானம் பார்த்த சாகுபடி. வயல் வேலையின் நடுவே லாஹூமாவின் காலில் ஒரு முள் ஏறுகிறது. புண் புரையோடி, உடல் வீங்கி, பயிர் கதிராகும் முன்பே அவன் இறந்துபோகிறான். நடவை ஜேஹா தோளில் ஏற்றுக்கொள்கிறாள். நண்டு வந்து நாற்றை நறுக்குகிறது, வெள்ளம் வருகிறது, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தியாக் குருவிகள் கூட்டமாக இறங்குகின்றன. ஒரு கட்டத்தில் ஜேஹாவின் மனம் முறிகிறது. அவளை வீட்டுக்குள்ளேயே கூண்டிட்டு அடைக்கிறார்கள். மூத்தவள் சானாவும் தங்கைகளும் மிஞ்சிய கதிரை அறுத்துக் களம் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான். வில்லன் என்று ஒருவரும் இல்லை, காதல் இல்லை, திடுக்கிடும் திருப்பம் இல்லை. நடவுக்கும் அறுவடைக்கும் நடுவில் உள்ள மாதங்கள்தான் கதை.

மலேசியாவில் ஜமில் சுலோங் இதை 1983இல் படமாக்கினார். ஆனால் உலகம் இந்தக் கெடா வயலைப் பார்த்தது கம்போடியா வழியாக. ரித்தி பான் தமது முதல் கதைப்படமான ‘நியாக் ஸ்ரே’யை இந்த நாவலை ஒட்டியே எடுத்தார். ‘வயல் மக்கள்’ என்று பொருள்படும் அந்தப் படம் 1994இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்குக் கம்போடியா அனுப்பிய முதல் படமும் அதுதான். லாஹூமா அங்கே போவ் ஆகிறான், ஜேஹா ஓம் ஆகிறாள், சானா சோக்கா ஆகிறாள். ஏழு பெண் பிள்ளைகள் அப்படியே ஏழு பெண் பிள்ளைகள். மசூதி இருந்த இடத்தில் புத்த மடம் வருகிறது. முள்ளும் நண்டும் குருவியும் மாறவில்லை. சிக் மாவட்டத்து மலாய்க் குடும்பத்தின் துயரம் எல்லை கடந்து, மொழி கடந்து, மதம் கடந்து பெரிதாக எதையும் இழக்காமல் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அந்தக் கதையை நடத்துவது நெல் என்பதே. விதைத்து இத்தனை நாளில் நாற்று, இத்தனை நாளில் நடவு, இத்தனை நாளில் கதிர் என்ற கணக்கு இரு ஊருக்கும் பொது. பார்ப்பவர் கதாபாத்திரத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதைவிட அதிகமாகக் கதிருக்காகக் காத்திருக்கிறார். அமைதியான கிராமியப் படம் என்று நாம் சொல்லும் வகையின் உள்ளியக்கம் இதுதான். பருவமே அங்கே கதையின் முதுகெலும்பு. மனிதர்கள் அதன்மேல் தசையாகப் படிகிறார்கள்.

இந்த வகைப் படத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அடுத்த பருவம் அந்தக் குடும்பத்துக்கே வரும் என்ற உறுதி வேண்டும். லாஹூமா சாகலாம், ஜேஹா பித்தாகலாம். ஆனால் 14 ரெலோங் அங்கேயே கிடக்கிறது. சானா அதில் இறங்குவாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி இறங்குவாள். அந்த நிலம் அவர்களைக் கொல்லவும் கூடும், ஆனாலும் அவர்களை விட்டுப் போகாது. சாவுக்குப் பின்னும் வட்டம் சுழல்கிறது என்பதால்தான் படம் அலறாமல் இருக்க முடிகிறது. இயக்குநரின் பொறுமையைப் புகழ்கிறோமே, அந்தப் பொறுமைக்கு அடியில் ஒரு நிலப்பட்டா இருக்கிறது. இதே கெடாவில், சிக்கிலிருந்து மேற்கே இறங்கினால் வருகிற சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறை வாழ்ந்த தமிழர்களுக்கு ஏன் இப்படியொரு படம் வரவில்லை என்ற கேள்விக்கு விடை இந்த நிபந்தனையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்திலும் பருவம் இருந்தது, வட்டம் இருந்தது. நெல்லின் வட்டத்துக்குக் குறையாத நுட்பமும் அழகும் கொடுமையும் அதில் இருந்தன. ஆனால் அது ஒருநாளும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், நாளை முதலில் பார்ப்போம். விடியும் முன் பெரட்டு, அதாவது ஆளெண்ணிக்கை. இருட்டிலேயே பேர் கொடுத்து, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லும் நிரைக்கு நடக்க வேண்டும். தலையில் கட்டிய விளக்கின் வட்டத்துக்குள் ஒரு மரம், பிறகு அடுத்த மரம். ஏன் இவ்வளவு சீக்கிரம்? மரத்தின் பால்குழாய்களில் நீரழுத்தம் உயர்ந்திருப்பது விடியலின் குளிரில்தான். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கினால் அழுத்தம் தளர்ந்து பாலின் ஓட்டம் குறையும். ஆக, பெரட்டு மணி அடிக்கும் நேரத்தைத் துரை குறிக்கும் முன்பே மரம் குறித்துவிட்டது. முந்தின வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, உளியால் பட்டையை மெல்லிய சீவலாக ஒரே சரிவில் இழுக்க வேண்டும். ஆழம் கொஞ்சம் குறைந்தால் பால் வராது. கூடினால் உளி மரத்தின் உயிர்ப்படலத்தில் பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. ஒருவருக்கு 400, 500 மரம். வெட்டி முடித்து, ஓட்டம் நிற்கும்வரை காத்திருந்து, மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோள்தடியான காண்டாவில் தூக்கி நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். மழை வந்தால் எல்லாம் முடிந்தது. நனைந்த பட்டையில் பால் கோடு விட்டுச் சிதறும். மங்கில் இருப்பதும் மழைநீரோடு வழியும். வேளாண்மைக்குக் கொடையாக வரும் அதே மழை, வெட்டுக்காட்டில் ஒரு நாள் கூலியைக் கொண்டுபோய்விடும்.

ஆண்டைப் பார்த்தால் இன்னும் வியப்பு. வெப்பமண்டலத்தில் இலையுதிர் காலம் கிடையாது என்று பள்ளிப் பாடத்தில் படித்த பிள்ளைகள் அதற்கு நேர்மாறானதை வீட்டு வாசலில் பார்த்து வளர்ந்தார்கள். தீபகற்பத்தின் வடமேற்கு மூலையான கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் நன்றாகவே காய்ந்துபோகும். அப்போது பால்மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக நிறம் மாறி, ஒரு காடு முழுவதும் இலை கொட்டும். சருகு கணுக்கால் வரை கிடக்கும். வெறுங்கிளை வழியே, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரைமேல் நேராக வெயில் விழும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர், அதோடு பூ. அந்தக் காலத்தில் மரம் தன் சத்தை எல்லாம் புது இலைக்குக் கொடுப்பதால் பால் குறையும். நிறுவையைப் பொறுத்த சம்பளமும் குறையும். பூத்ததெல்லாம் காயாகி, முற்றிய பிறகு, வெயிலேறிய நேரத்தில் படீரென்று வெடித்துப் புள்ளி போட்ட விதைகளைத் தூர எறியும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். கல்லில் உரசிச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பார்கள். இவ்வளவு துலக்கமான பருவமாற்றம் வேறு பயிரில் மலேசிய மண்ணில் எளிதில் காணக் கிடைக்காது. ஒரு ஒளிப்பதிவாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் தோட்டத் தமிழர் வாழ்வின் ஒரு ஆழமான இரட்டைத்தன்மை வருகிறது. அவர்களுடைய திருநாள் பஞ்சாங்கம் நெல்லுக்குரியது. தையில் பொங்கல், ஆடியில் கூழ். காவிரிக்கரையிலும் பாலாற்றங்கரையிலும் உழவை ஒட்டி உருவான நாட்கள் அவை. கூலிமிலும் பீடோங்கிலும் பொங்கல் வைத்தவர்கள் அந்த அரிசியை விளைவித்தவர்கள் அல்லர். கடையில் கடன் எழுதி வாங்கியவர்கள். அவர்கள் கையில் இருந்த பயிரோ தைப் பிறப்பையொட்டி இலை கொட்டத் தொடங்கும். புதுநெல் வந்த மகிழ்ச்சிக்கான நாள், அங்கே பால் குறையப்போகும் மாதங்களின் வாசல். மனத்தில் ஒரு பருவம், கையில் ஒரு பருவம். இதைக் குறையென்று சொல்லவில்லை; இரண்டையும் சேர்த்துச் சுமந்து, மாரியம்மன் கோயில் திருவிழாவைத் தோட்டத்து விடுமுறையோடும் சம்பள நாளோடும் பொருத்தி, புதிய ஒரு ஆண்டுச் சுழற்சியையே அவர்கள் கட்டியெழுப்பினார்கள். நெல்லின் பஞ்சாங்கத்தைக் கைவிடாமல் பால்மரத்தின் பஞ்சாங்கத்தில் பிழைத்த மக்கள் என்பதைத் திரையில் காட்டினாலே அது உலகில் வேறெங்கும் இல்லாத படமாக இருக்கும்.

ஆனால் மரத்துக்கு இன்னொரு நீண்ட வட்டம் உண்டு. நட்டு ஆறேழு ஆண்டில் வெட்டத் தகுதியாகும். 25, 30 ஆண்டில் பால் ஓய்ந்துவிடும். பிறகு சாய்த்து, மறுநடவு செய்ய வேண்டும். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து, ரிட்லி என்ற தாவரவியலாளர் மரத்தைக் கெடுக்காமல் வெட்டும் முறையைக் கண்டுபிடித்ததால் மலாயாவைப் போர்த்திய மரம் இது. அதன் பிறப்பும் இறப்பும் தொடக்கத்திலிருந்தே வேறெங்கோ எழுதப்பட்டன. லாஹூமாவின் வயலில் அடுத்த நடவு உண்டா என்பதை மழையும் அவன் உடம்பும் முடிவு செய்தன. தோட்டத்தில் அடுத்த நடவு பால்மரமா, செம்பனையா, வீடமைப்பா என்பதை லண்டனிலும் கோலாலம்பூரிலும் இருந்த நிர்வாகக் கூட்டங்கள் முடிவு செய்தன. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது என்ன நடந்தது என்று பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு ஆராயும் அளவுக்கு அது பெரிய நிகழ்வு. பின்னால் செம்பனை வந்தது. அதற்குக் குறைந்த ஆட்கள் போதும். அதற்கும் பின்னால் நகரங்கள் விரிந்தன. ஒவ்வொரு முறையும் லயம் காலியானது. முள் குத்திச் செத்தாலும் சானாவுக்கு வயல் மிஞ்சியது. ஒரு முள்ளும் குத்தாமலேயே இவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதனால்தான் மலேசியத் தமிழரின் முக்கியமான தோட்டப் படங்கள் பருவத்தைப் பற்றியவையாக இல்லாமல் வெளியேற்றத்தைப் பற்றியவையாக இருக்கின்றன. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் தோட்டத்துக் குடும்பம் ஒன்றைக் காட்டுகிறது. மெதுவான, மென்மையான படம். பிரான்சின் நாந்த் நகரத்து மூன்று கண்டங்கள் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்றது. அதன் மையத்தில் இருப்பது பல்கலைக்கழகம் போக விரும்பும் ஒரு பெண்ணின் ஆசை. படத்தின் பெயரே சாலை. சாலை என்றால் வெளியே போவது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) ஒருபடி மேலே போய், தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் நகர விளிம்பின் புறம்போக்குக் குடியிருப்பில் என்ன ஆனார்கள் என்று 1990களின் தொடக்கத்தில் வாழும் ஒரு சிறுவனின் கண் வழியே கேட்கிறது. 2016இல் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை அது பெற்றபோது நம் சமூகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். இரண்டும் உண்மையான படங்கள். ஆனாலும் இரண்டிலும் மரம் பின்னணியாகவே நிற்கிறது. வட்டம் முறிந்ததன் விளைவைக் காட்டும் அவை, முறிவதற்கு முன் அந்த வட்டம் எப்படி இருந்தது என்பதைக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எது போனது என்று தெரியாமல் போனதற்காக யார் அழ முடியும்?

தோட்டத்தை இயற்கை என்று சொல்வதே தவறு என ஒருவர் மறுக்கலாம். ஒரே வகை மரத்தைக் கோடு பிடித்து நட்டு, எண் போட்டு, கங்காணியும் எழுத்தரான கிராணியும் கணக்கு வைத்த இடம் அது, கூரையில்லாத தொழிற்சாலை. அங்கே பருவத்தின் அழகைப் பேசுவது சுரண்டலுக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. தோட்டம் தொழிற்சாலைதான். ஆனால் அந்தத் தொழிற்சாலையின் எந்திரம் உயிருள்ள மரம். அதன் நேரத்தையும் பருவத்தையும் எந்தத் துரையாலும் மாற்ற முடியவில்லை. பால் ஊறும் நேரத்துக்கு வேலையாளைத்தான் வளைத்தார்கள். விடியலுக்கு முந்தைய இருட்டு, மழைநாளின் வெறுங்கை, இலை கொட்டும் மாதத்தின் கடன் ஆகியவை எல்லாம் இயற்கையின் இயல்பு; அதன் நஷ்டத்தை உழைப்பவன் தலையில் கட்டியது முதலாளியின் ஏற்பாடு. பருவத்தை நுணுக்கமாகக் காட்டும் படம்தான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியும். மழை பெய்வதையும், மழையால் பேர் விழாத நாளையும், அந்த மாத முடிவில் கடைக்காரர் புத்தகத்தையும் அடுத்தடுத்து வைத்தால், சுரண்டல் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்காமலே அது கண்ணில் தெரியும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி நெல்லுக்கு. பால் வெட்டியவனுக்குக் கணக்குப் பார்க்கும் உரிமைகூட இல்லை. கணக்கு கிராணியின் கையில்.

நெல் என்றால் மலாய்க்காரர், பால்மரம் என்றால் தமிழர் என்று இனவாரியாகப் பருவத்தைப் பங்கு போடுகிறேனோ என்ற ஐயம் எழலாம். அப்படிப் பங்கு போட முடியாது என்பதற்குக் கெடாவே சாட்சி. பாலிங்கில் 1974 நவம்பரில் ஆயிரக்கணக்கான மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, வீட்டில் பசி. தொடர்ந்து டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகப் போராடினார்கள். அந்தச் சிறுதோட்டக்காரர்களும் அதே மரத்தை, அதே இருட்டில், அதே உளியால் வெட்டியவர்கள்தாம். வேறுபாடு ஒன்றே: விலை விழுந்த ஆண்டில் அவர்கள் பசித்திருந்தார்கள், ஆனால் நான்கு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மரம் நின்றது, விலை ஏறும் ஆண்டு அவர்களுக்கே வந்தது. மறுபுறம், தமிழருக்கு அந்த வட்டம் வாய்க்கவே முடியாது என்பதும் இல்லை. தோட்டத் துண்டாடலைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டுபவர்கள் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். வெட்டுகிற கையும் மரத்துக்கு உரிமையான கையும் ஒன்றாகலாம் என்று ஒரு கணம் தோன்றிய இடம் அது. இனத்தையோ பயிரையோ விட, அடுத்த நடவைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் என்பதே வட்டத்தை வட்டமாக்குகிறது. புக்கிட் சிடிமைப் பற்றி ஒரு படம் எடுக்க யாராவது முன்வந்தால், ஷானோனின் நாவலுக்கு நேர் உறவான படம் அதுவாகத்தான் இருக்கும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு இழந்த மக்களுக்கு அமைதியான படம் எதற்கு? கோபமான படம் அல்லவா வேண்டும்? 1946, 47 ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராக நின்று, வேலைநிறுத்தம் செய்து, போலீஸ் அடிக்கு ஆளானது; அந்த வரலாற்றை விட்டுவிட்டு இலை கொட்டுவதைப் படம் பிடிப்பதா? தொண்டர் படைக்கும் படம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அமைதி என்பது அடங்கிப்போவது என்ற எண்ணத்தைக் கெடா வயல்வெளியே மறுத்திருக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1978 முதல் 1980 வரை மூடா சமவெளியின் ஒரு நெல் கிராமத்தில் ஆய்வு செய்து 1985இல் வெளியிட்ட ‘பலவீனரின் ஆயுதங்கள்’ என்னும் நூல் உலகப் புகழ் பெற்றது. கலகம் இல்லாத, கொடி இல்லாத அந்த ஊரில் ஏழைகள் வேலையை இழுத்தடித்தும், தெரியாததுபோல் நடித்தும், புறம் பேசியும், சிறுசிறு திருட்டுகள் வழியாகவும் அன்றாடம் எதிர்த்துக்கொண்டே இருந்ததை அவர் காட்டினார். அதைப் பார்க்க அவருக்கு ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. அவசரமாகப் போகும் கண்ணுக்கு அது தென்படாது. அமைதியான படத்தின் நிதானம் அத்தகைய கண்ணைத்தான் தருகிறது.

தமிழ்நாட்டுப் படங்கள் இரண்டை எதிரெதிரே வைத்தால் இது விளங்கும். பாலாவின் ‘பரதேசி’ (2013) தேயிலைத் தோட்டத்துக் கொடுமையை உரத்த குரலில் சொன்னது; பார்த்தவர்கள் நடுங்கினார்கள். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ஒருவன், ஒரு துண்டு நிலம் வாங்க வாழ்நாள் முழுக்கப் பாடுபடுவதைக் காட்டியது. வாங்கிய நிலம் கைவிட்டுப் போய், அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவன் காவலாளியாகும்போது படம் குரல் உயர்த்துவதில்லை. ‘பரதேசி’யில் நமக்கு எஞ்சுவது கொடியவன் ஒருவன்மேல் கோபம். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் எஞ்சுவது ஓர் ஏற்பாட்டைப் பற்றிய தெளிவு. மலை ஏற எத்தனை மணி நேரம், எங்கே தங்குவார்கள், எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்றெல்லாம் முதல் பாதி நிதானமாகக் கற்றுத் தந்ததால்தான் கடைசியில் இழந்தது எவ்வளவு என்பது நமக்கு எடை போட்டதுபோல் தெரிகிறது. இப்படிப்பட்ட படங்களுக்குக் கூட்டம் வராது என்பார்கள். முதல் வாரத்தில் வராது, உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறை கழித்துத் தேடிப் பார்க்கப்படும் படங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால், வசூலை மட்டும் வைத்து அந்தக் கணக்கை முடிக்க முடியாது.

என் வாதத்துக்கு எதிராக நானே எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வட்டம் உரிமையாக இருந்தால்தான் அமைதியான படம் பிறக்கும் என்றேன். அப்படியானால் ரித்தி பான்? 1964இல் நோம்பென்னில் பிறந்த அவர், கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தவர். 1979இல் தாய்லாந்துக்குத் தப்பி, அங்கிருந்து பிரான்சுக்குப் போனவர். அவர் நாட்டில் 1975க்கும் 1979க்கும் நடுவே நெல்லின் வட்டம் முறிந்தது என்பதைவிட அடித்து நொறுக்கப்பட்டது என்பதே சரி. வயல் அடிமை முகாம் ஆனது, விளைவித்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். அப்படிப்பட்டவர் கையில் கெடா நாவல் கிடைத்தபோது, முறிவதற்கு முன் ஒரு குடும்பம் எப்படி நட்டது, எப்படி அறுத்தது என்பதைத் திரையில் மறுபடி கட்டுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொண்டார். நிலம் கையில் இருப்பவன் வட்டத்தைக் கொண்டாடலாம்; இழந்தவன் அதை நினைவிலிருந்து ஒவ்வொரு கதிராகத் திரும்ப நட வேண்டும். இரண்டாவது வழி கடினமானது, ஆனால் மூடியதல்ல. ஷானோனின் கெடாவும் அப்படியே நிற்கவில்லை. நாவல் வந்து நான்கு ஆண்டில், 1970இல், மூடா நீர்ப்பாசனத் திட்டம் மூடா, பெடு அணைகளின் நீரைக் கொண்டு சமவெளிக்கு இருபோகம் தந்தது. 1970களின் பிற்பாதியில் அறுவடை எந்திரங்கள் இறங்கி, கதிர் அறுத்த பெண்களின் கூலியையும் களத்தில் நெல் அடித்த ஆண்களின் கூலியையும் விழுங்கின. ஸ்காட் எழுதியது அந்த விழுங்கலைப் பற்றித்தான். ஆக, அந்தச் சமவெளியில் ஒருபோக ஆண்டும் இன்று நினைவுதான்.

ஆகவே தோட்டத் தமிழரின் பருவப் படம் இப்போதும் எடுக்கத் தக்கதே. அதற்கான சரக்கு நம்மிடம் இருக்கிறது. சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான் தோட்டத்து மக்களைப் பல கதைகளில் எழுதியிருக்கிறார். லூனாஸில் பிறந்த ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019) அந்த வட்டாரத்துத் தோட்டத்தையும், 1981இல் விஷச் சாராயம் குடித்து மாண்டவர்களின் துயரத்தையும், காக்கவும் அழிக்கவும் வல்ல தாய்மையாக மண்ணைக் காணும் நாட்டார் நம்பிக்கையையும் ஒன்றாகப் பின்னியது. அந்த நாவல் 2020 டிசம்பரில் தடை செய்யப்பட்டது என்பது வேறொரு கட்டுரைக்கான வருத்தம். எழுத்தில் வந்தது திரைக்கு வர வேண்டுமானால் விவரம் பிசகக் கூடாது. உளி எந்தக் கையில், எந்தக் கோணத்தில். மங்கு பீங்கானா, தேங்காய்ச் சிரட்டையா, எந்த ஆண்டில் எது. பால் உறைந்த வாடை துணியில் எத்தனை நாள் நிற்கும். இலை கொட்டும் மாதத்தில் லயத்துச் சமையலில் எது குறையும். குழந்தைக் காப்பகமான ஆயக்கொட்டகையில் விட்ட குழந்தையைத் தாய் எத்தனை மணிக்குத் தூக்குவாள். சம்பள நாளில் யார் யார் வாசலில் காத்திருப்பார்கள். இவற்றை நேரில் அறிந்தவர்கள் இன்று 70, 80 வயதில் தாமான் வீடுகளிலும் மலிவு அடுக்குமாடிகளிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். உட்கார்ந்து கேட்டு, ஒலிப்பதிவு செய்து, கையில் உளியைக் கொடுத்து மீண்டும் ஒருமுறை வெட்டச் சொல்லிப் படம் பிடித்துவைக்க வேண்டிய காலம் இதுதான். இன்னும் பத்து ஆண்டு தள்ளினால் கேட்க ஆள் இருக்காது.

அந்தப் படம் எங்கே முடியும்? அறுவடையில் முடிய முடியாது. பால்மரத்துக்கு அறுவடை நாள் என்று ஒன்றில்லை. மரம் சாய்க்கும் காட்சியில் முடிப்பது எளிது, பலரும் அதைத்தான் செய்வார்கள். எனக்குத் தோன்றும் முடிவு வேறு. 1996இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. மின்னணு ஆலைகளில் வேலை ஷிப்ட் கணக்கில் நடக்கிறது. அங்கே இலை கொட்டும் மாதம் கிடையாது, மழைக்கு வேலை நிற்பதும் கிடையாது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் இப்போது அந்த வேலையில் இருக்கிறார்கள். காலை ஷிப்டுக்கு ஆலைப் பேருந்து சந்திக்கு வரும்போது இன்னும் விடிந்திருக்காது. பாட்டி பெரட்டுக்கு எழுந்த அதே நேரம். அவள் இன்றும் பழக்கத்தில் அந்த நேரத்துக்கு எழுந்து, பேத்திக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, பேருந்தின் விளக்கு திரும்பி மறையும்வரை வாசலில் நிற்கிறாள்.